"நாளைக்குக் கீப்பர் வரல": சிங்கப்பூரில் விக்கெட் கீப்பிங் தொடங்குவோருக்கு

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல்தான் அந்தச் செய்தி வரும். "நாளைக்குக் கீப்பர் வரல. யாராச்சும் நிக்கிறீங்களா?" அதுவரை வாட்ஸ்அப் குழுவில் மீம் போட்டுக்கொண்டிருந்த பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் தூங்கிப்போவார்கள். நான் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்த முதல் வருடம் அது. எட்டாவது ஆளாக பேட் செய்து, ஓவரும் கிடைக்காமல், தேர்ட் மேனில் நின்று நின்று அலுத்துப்போயிருந்தேன். "நான் வேணா நிக்கிறேன்ணே" என்று தட்டிவிட்டேன். மறுநாள் பை ரன்னாக, அதாவது மட்டையில் படாமல் என்னைத் தாண்டிப் போன பந்துகளில் எதிரணி ஓடிய ரன்னாக, மட்டும் 23 கொடுத்தேன். ஒரு கேட்ச் பிடித்தேன். அன்று வளைந்த இடது சுண்டுவிரல் இன்னும் நேராகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அணிப் பட்டியலில் என் பெயர் விடுபட்ட ஞாயிற்றுக்கிழமைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், வளைந்த விரலையும் சேர்த்து.

பேட்ஸ்மேன் என்று சொல்லிக்கொண்டு போனால் உங்களுக்கு முன்னால் பத்துப் பேர் வரிசையில் இருப்பார்கள். கீப்பர் என்று சொல்லுங்கள், கேப்டனே உங்கள் அடுக்குமாடி புளோக் வாசலுக்குக் கார் கொண்டுவருவார். நுழைவது அவ்வளவு சுலபம். மேலே ஏறுவது அப்படியல்ல, ஏனென்றால் அணிக்கு ஒரு கீப்பர்தான்.

சம்பளம் வருமா?

இதை முதலிலேயே பேசிவிடுவோம். சிங்கப்பூர் 1974 முதல் சர்வதேச கிரிக்கெட் மன்றமான ஐசிசியின் அசோசியேட் உறுப்பினர், அதாவது இந்தியா, ஆஸ்திரேலியா மாதிரி முழு உறுப்பினர் இல்லை. இங்கே கிரிக்கெட் ஆடி மட்டும் வீட்டு வாடகை கட்ட முடியாது. நாட்டுக்காக ஆடுகிறவர்களே பெரும்பாலும் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோதான் ஆடுகிறார்கள். சிங்கப்பூரில் பிறந்து, 2019இல் சிங்கப்பூர் சட்டையில் ஆடி, 2021இல் ஐபிஎல்லுக்குப் போய், அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவுக்கே ஆடிய டிம் டேவிட் இருக்கிறாரே என்பீர்கள். அவர் இரண்டு வயதிலேயே பெர்த் போனவர். ஆட்டம் கற்றது அங்கே.

கிரிக்கெட்டில் காசு புரளும் நாடுகளிலும் கீப்பரின் நிலைமை கொஞ்சம் பரிதாபம்தான். ஒருவர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். நம் சென்னைப் பையன் தினேஷ் கார்த்திக்கைப் பாருங்கள். 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் ஒருநாள் ஆட்டம், கோட்டை விட்டு வெளியே வந்த இங்கிலாந்தின் மைக்கேல் வாகனை, பந்தைப் பிடித்துப் பெயிலைத் தட்டி ஸ்டம்பிங் செய்து அட்டகாசமாகத் தொடங்கினார். மூன்றே மாதத்தில் தோனி வந்துவிட்டார். டெஸ்டிலும் அதே கதை: கார்த்திக் 2004 நவம்பரில் நுழைந்தார், அடுத்த வருடம் டிசம்பரில் தோனியின் முதல் டெஸ்ட், அதுவும் சேப்பாக்கத்தில். கார்த்திக் திறமையில் குறைந்தவர் இல்லை. பிறந்த காலம் அப்படி.

இன்னொன்று: கீப்பிங் மட்டும் தெரிந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. ஆஸ்திரேலியக் கீப்பர் கில்கிறிஸ்ட் ஏழாவதாக இறங்கி டெஸ்டில் சதமாக அடிக்கத் தொடங்கிய பிறகு எல்லா நாட்டுக்காரர்களும் கீப்பரிடம் ரன்னும் கேட்கிறார்கள். நம் லீக் கேப்டன்களும் கேட்பார்கள். ஆகவே பேட்டிங் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

எங்கே போய்ச் சேர்வது

சிங்கப்பூர் கிரிக்கெட் சங்கம் நடத்தும் லீக்கில் பல டிவிஷன்கள் உண்டு. புதிதாக வருகிறவர் கீழ் டிவிஷன் அணி ஒன்றில் சேர்வதே நல்லது. மேல் அணியின் இரண்டாவது கீப்பராகப் போனால் தண்ணீர் பாட்டில் தூக்கியே ஒரு வருடம் ஓடிவிடும். பாலஸ்டியர் சாலையில் இந்தியர் சங்கமும் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பாருங்கள். இடைவேளையில் யாரிடமாவது "அண்ணே, உங்க டீமுக்குக் கீப்பர் வேணுமா?" என்று கேளுங்கள். மின்னஞ்சலைவிட இது வேகமாக வேலை செய்யும். அந்த இந்தியர் சங்கத் திடலில்தான் 2019 செப்டம்பரில் ஜிம்பாப்வேயை சிங்கப்பூர் 4 ரன்னில் வென்றது. ஐசிசியின் முழு உறுப்பு நாடொன்றை சிங்கப்பூர் தோற்கடித்தது அதுவே முதல் முறை.

பாடாங் திடலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப் 1852இல் தொடங்கியது, திடலின் ஒரு முனையில் அதன் கட்டடம். 1996 ஏப்ரலில் அங்கே நடந்த சிங்கர் கோப்பையில் இலங்கையின் ஜெயசூரியா 48 பந்தில் சதம் அடித்ததைப் பலரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தை. முதல் விக்கெட்டுக்கு இலங்கை 70 ரன் எடுத்தது. அதில் கீப்பர் களுவிதாரணவின் பங்கு முட்டை. எதிர்முனையில் ஜெயசூரியா 17 பந்தில் அரைசதம் போட்டுக்கொண்டிருக்க, இவர் வேடிக்கை பார்த்துவிட்டு அவுட்டாகிப் போனார். கீப்பர் பிழைப்பு சில நாள் அப்படித்தான்.

தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகள் பெரும்பாலும் டென்னிஸ் பந்திலோ டேப் ஒட்டிய பந்திலோ ஆடுகிறீர்கள். கீப்பிங் கற்க அது மோசமான இடமில்லை, கை பயப்படாது. தோல் பந்துக்கு மாறும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: டென்னிஸ் பந்து எகிறும், தோல் பந்து உங்களை நோக்கி ஆடி ஆடி வரும், பேட்ஸ்மேனைத் தாண்டிய பிறகும் திசை மாறும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வழி இணைப்பாட நடவடிக்கைதான். கிரிக்கெட் உள்ள பள்ளிகள் குறைவு என்பதால் உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

இருக்கும் வெள்ளியில் பாதியை க்ளவ்ஸுக்கு ஒதுக்குங்கள். மட்டை யாரிடமும் இரவல் வாங்கலாம், அடுத்தவர் வியர்வை ஊறிய க்ளவ்ஸில் கை விட்டவருக்குத்தான் தெரியும் அந்தக் கொடுமை. உள்ளங்கை ரப்பர் மிருதுவாக இருக்க வேண்டும், விரல் நுனிகளில் கொஞ்சம் இடம் வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடம் நன்றாக விரிய வேண்டும். அந்த ஓர் இடம் தவிர விரல்களுக்கு நடுவே வலை இருக்கக் கூடாது என்பது விதி. புது க்ளவ்ஸ் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். இரண்டு வாரம் பயிற்சியில் போட்டு மடக்கி மடக்கிப் பழக்கிய பிறகே ஆட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

உள்ளே போடும் இன்னர் இரண்டு ஜோடி கட்டாயம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் பத்தாவது ஓவருக்குள் முதல் ஜோடியைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். ஈர இன்னரோடு நின்றால் விரல் ஊறித் தோல் கிழியும். கீப்பர் பேடு பேட்டிங் பேடைவிடக் குட்டை, பக்கவாட்டில் ஓட வசதி. இடுப்புக்குக் கீழே உள்ளே போடும் கார்டு இல்லாமல் ஒரு பந்துகூட நிற்காதீர்கள், வலைக்குள் பழகும் நெட்ஸாக இருந்தாலும் சரி.

ஹெல்மெட் விஷயத்தில் மானம் பார்க்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் மூன்று வகை ஆட்டத்திலும் சேர்த்து 998 பேரை வெளியேற்றியவர். 2012 ஜூலையில் டான்டனில் ஒரு பயிற்சி ஆட்டம். சுழல் பந்து ஸ்டம்பைத் தட்டியது, ஸ்டம்பின் மேல் இருக்கும் பெயில் பறந்து வந்து அவருடைய இடது கண்ணில் பட்டது. அன்று அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது, 1000க்கு இரண்டு பாக்கி. பந்துகூட இல்லை, விரல் நீள மரத்துண்டு.

ஆட்டம் முடிந்ததும் க்ளவ்ஸைப் பைக்குள்ளேயே போட்டு வைத்தால் புதன்கிழமைக்குள் பூஞ்சை பிடிக்கும். நான் பழைய தமிழ் முரசு தாளைக் கசக்கி விரல் விரலாகத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வைப்பேன். இன்னரைத் துவைத்து சமையலறை ஜன்னலுக்கு வெளியே கம்பில் காயப்போடுவேன். கீழ் வீட்டுப் பாட்டி ஒரு நாள் மின்தூக்கியில் நிறுத்தி, நான் மருத்துவமனையில் வேலை செய்கிறேனா என்று கேட்டார்.

நிற்கும் கலை

கீப்பிங் கையால் செய்யும் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கால்தான் முக்கால்வாசி. கால் சரியான இடத்துக்குப் போய்விட்டால் கைக்குச் செய்ய ஒன்றுமில்லை, பந்து தானாக வந்து உட்காரும்.

தோள் அகலத்துக்குக் காலை விரித்து உட்காருங்கள். எடை முன்பாதத்தில் இருக்கட்டும், குதிகால் தரையில் லேசாகப் பட்டும் படாமலும். இரண்டு க்ளவ்ஸும் சேர்ந்து தரையைத் தொட வேண்டும், விரல்கள் கீழ்நோக்கி. விரல் நுனியைப் பந்துக்கு நேராக நீட்டவே நீட்டாதீர்கள். என் சுண்டுவிரல் கதை அதுதான்.

அப்புறம் எழுவது. புதியவர் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, பந்து பவுலர் கையை விட்டதுமே எழுந்து நின்றுவிடுவார்கள். தாழ்வாக வரும் பந்து அவர்கள் காலுக்கு நடுவே போய்விடும். பந்து தரையில் பட்டு எழும்போது நீங்களும் கூடவே எழுங்கள். எழுந்திருப்பவர் திரும்பக் குனிய நேரம் ஆகும், குனிந்திருப்பவர் எழ ஆகாது. வேறு ஒன்றும் நினைவில்லாவிட்டாலும் முதல் மாதம் முழுக்க இதை மட்டும் பழகுங்கள்.

வேகப்பந்துக்கு எவ்வளவு பின்னால் நிற்பது? பந்து உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கி, இடுப்பு உயரத்தில் கைக்கு வரும் இடம். முதல் இரண்டு பந்திலேயே தெரிந்துவிடும். ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். செயற்கைப் புல் ஆடுகளத்தில் பந்து அதிகம் எகிறும், இரண்டடி கூடப் பின்னால் போக வேண்டியிருக்கும். மழை விட்ட மதியம் புல்தரையில் ஆடினால் அப்படியே தலைகீழ், முன்னால் வாருங்கள். மட்டை விளிம்பில் பட்டு வரும் எட்ஜ் கைக்கு வருவதற்கு முன் விழுந்துவிடுகிறது என்றால் நீங்கள் பின்னால் இருக்கிறீர்கள். நம் லீக் கீப்பர்களில் பாதிப் பேர் பயத்தில் அப்படித்தான் நிற்கிறார்கள்.

ஸ்டம்பை ஒட்டி நிற்கும்போதுதான் ஆள் யார் என்று தெரியும். வலதுகை ஆட்டக்காரர் என்றால் உங்கள் இடது பாதம் ஆஃப் ஸ்டம்புக்கும் நடு ஸ்டம்புக்கும் இடையே, தலை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, பந்து தெரிகிற மாதிரி. கையை நீட்டினால் பெயிலைத் தட்ட எட்ட வேண்டும். பேட்ஸ்மேன் வீசுவார், மட்டை முகத்துக்கு ஒரு முழம் முன்னால் போகும், அந்தக் கணத்தில் கண் மூடிக்கொள்ளும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கண்ணின் வேலை அது. பயிற்சி எப்படி என்றால், ஒரு நண்பரை மட்டையோடு முன்னால் நிறுத்தி, வேண்டுமென்றே பந்தைத் தவற விடச் சொல்லுங்கள். இன்னொருவர் கையால் எறியட்டும். முதல் வாரம் டென்னிஸ் பந்து. நூறு எறிந்தால் முதல் நாள் அறுபதுக்குக் கண் மூடும். மூன்றாவது வாரம் ஒரு நாள், பந்தின் தையல் மட்டைக்கு அடியில் சுழன்று வருவது தெரியும். நான் முதல் தடவை பார்த்தபோது பந்தைப் பிடிக்க மறந்துவிட்டேன்.

லெக் சைடு பந்து பேட்ஸ்மேன் உடம்புக்குப் பின்னால் மறைந்துபோகும். அங்கே கண்ணை நம்ப முடியாது, கணக்கைத்தான் நம்ப வேண்டும். இடது காலைப் பக்கவாட்டில் வையுங்கள், பின்னோக்கி அல்ல. பின்னோக்கிப் போனால் பந்தைப் பிடிப்பீர்கள், ஸ்டம்ப் எட்டாது.

பந்து கைக்குள் வரும்போது கையை லேசாகப் பின்னுக்கு விட்டுக்கொடுங்கள், முட்டையைப் பிடிப்பதுபோல. தோனி அப்படிச் செய்யவில்லையே என்று கேட்பவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நான்கு பேர் உண்டு. உண்மைதான், அவர் கை பின்னால் போகாது, பிடித்த வேகத்திலேயே ஸ்டம்புக்குப் போகும். சர்வதேச ஆட்டங்களில் 195 ஸ்டம்பிங் அப்படி வந்தவை. சிறு வயதில் கால்பந்து கோல்கீப்பராக இருந்தவர், கையின் வாகே வேறு. அவரைப் பார்த்து ரசியுங்கள், பழகும்போது காப்பியடிக்காதீர்கள். கட்டைவிரல் வீங்கித்தான் திரும்புவீர்கள்.

வாரத்தில் எப்போது பழகுவது

புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது. பலகை வைத்திருப்பார்கள், அதைவிடப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள் கண்டிப்பானவர்கள். பூங்காவில் ஆள் இல்லாத சுவர் கிடைத்தால் போதும். டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து வெறுங்கையால் பிடியுங்கள், 20 நிமிடம். ஒற்றைக் கையால் 50, மறு கையால் 50. பலவீனமான கைக்கு எப்போதும் பத்து கூட. வாரம் இரண்டு நாள் இப்படி, ஒரு நாள் நெட்ஸ். நெட்ஸில் கேப்டன் உங்களையும் பேட்டிங்குக்கு மட்டும் அழைத்துவிட்டு அனுப்பப் பார்ப்பார். ஸ்டம்புக்குப் பின்னால் க்ளவ்ஸோடு அரை மணி நேரம் நிற்பேன் என்று முதலிலேயே சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

முட்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். டி20 ஆட்டத்தில் 120 தடவை உட்கார்ந்து எழ வேண்டும், 50 ஓவர் என்றால் 300, டெஸ்டில் முழு நாள் நின்றால் 540. வைட், நோபால் தனி. தொடைக்கும் இடுப்புக்கும் வலுவேற்றுங்கள், பாரம் முட்டிக்குக் குறையும். மின்தூக்கி இருந்தும் நான் ஒன்பதாவது மாடிக்குப் படியேறுவதற்குக் காரணம் உடல்நலம் இல்லை, முட்டி பயம். வலி இரண்டு வாரம் தங்கினால் மருத்துவரைப் பாருங்கள். எனக்கு ஒரு மருந்தகத்தில் விரல் முறிவைச் சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் கொடுத்து அனுப்பினார்கள். நானும் எக்ஸ்ரே எடுக்காமல் விட்டேன். விரல் வீங்கினால் எக்ஸ்ரே கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு உழைப்புக்குப் பிறகு பேட்டிங் பாதித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இலங்கையின் சங்கக்கார டெஸ்டில் கீப்பராக நின்ற ஆட்டங்களில் சராசரி 40 சொச்சம், க்ளவ்ஸைக் கழற்றி வைத்த ஆட்டங்களில் 66க்கு மேல். அவருக்கே அப்படி. 20 ஓவர் நின்றுவிட்டு உடனே தொடக்க ஆட்டக்காரராக இறங்கச் சொன்னால் "அடுத்த விக்கெட்டுக்குப் போறேன்ணே" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

முதல் ஆட்டம்

அரை மணி நேரம் முன்னால் போங்கள். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் டேப் சுற்றுங்கள், ரத்த ஓட்டம் நிற்காத அளவுக்கு. உங்கள் பவுலர்கள் ஆளுக்கு ஆறு பந்து உங்களிடம் வீசட்டும். யாருடைய பந்து உள்ளே வருகிறது, யார் லெக் சைடில் தெளிப்பார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பவுலர்களை வரிசையாகத் தெரிந்து வைத்திருக்கும் கீப்பரைக் கேப்டன் லேசில் மாற்றமாட்டார்.

பந்து மட்டையிலோ ஆட்டக்காரர் மீதோ படும்வரை, அல்லது ஸ்டம்பைத் தாண்டும்வரை, நீங்கள் முழுக்க ஸ்டம்புக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். ஆர்வத்தில் க்ளவ்ஸ் முன்னால் வந்தால் நோபால், ஸ்டம்பிங்கும் போச்சு. வைட் பந்தில் ஸ்டம்பிங் உண்டு, நோபாலில் இல்லை. கழற்றிய ஹெல்மெட்டைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள், உங்களுக்கு நேர் பின்னால் வையுங்கள். பந்து அதில் பட்டால் எதிரணிக்கு 5 ரன் இனாம்.

ஒவ்வொரு தடவை பந்து ஃபீல்டருக்குப் போகும்போதும் ஸ்டம்புக்கு ஓடுங்கள். ரன் இல்லாவிட்டாலும் ஓடுங்கள். மோசமான த்ரோவை நல்ல த்ரோவாகக் காட்டுவது உங்கள் வேலை. அதற்கு யாரும் கை தட்டமாட்டார்கள்.

வாய் ஓயக் கூடாது. தமிழ், இந்தி, ஆங்கிலம், இடையில் ஒரு 'லா' என எல்லாம் கலந்து பேசும் அணிதான் உங்களுக்குக் கிடைக்கும். பவுலர் தமிழ் ஆள் என்றால் "மச்சி, கொஞ்சம் வெளிய போடு, இறங்கி வர்றான்" என்று சொல்லலாம். சிங்கப்பூரில் இதற்கு ஓர் ஆபத்து உண்டு, பேட்ஸ்மேனும் தமிழ் ஆளாக இருப்பார். ஒரு தடவை அப்படிச் சொன்னதும் அவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, நான் இறங்கல" என்றார். அடுத்த பந்துக்கு இறங்கினார், ஸ்டம்பிங் ஆனார்.

கேட்ச் விடுவீர்கள். மன்னிப்புக் கேட்டு அடுத்த இரண்டு ஓவரை வீணாக்காதீர்கள். பவுலரிடம் கையை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த பந்துக்கு உட்காருங்கள்.

மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் உள்ளே ஓடுங்கள். இங்கே மதிய இடி விளையாட்டில்லை. அந்த நேரத்தில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு குடியுங்கள், இன்னரை மாற்றுங்கள்.

இரண்டு மூன்று வருடம் கழித்து

மேல் டிவிஷனுக்குப் போக ஒரே வழி, உங்கள் அணிக்கு எதிராக ஆடும் நல்ல அணியின் கேப்டன் கண்ணில் படுவது. அவர்கள் கேட்ச் கணக்கைப் பார்ப்பதில்லை. ஸ்கோர்கார்டில் பை எத்தனை, ஸ்டம்பை ஒட்டி நிற்கும் துணிவு உண்டா, 20ஆவது ஓவரிலும் ஓடுகிறாரா, இதைத்தான் பார்ப்பார்கள். நாட்டுக்கு ஆட வேண்டும் என்ற ஆசை இருந்தால், பிறப்பாலோ கடப்பிதழாலோ தகுதி இல்லாதவர்களும் மூன்று ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்திருந்தால் ஐசிசி விதிப்படி தகுதி பெறலாம். தேசிய சேவைக்குப் போகும் தம்பிகளுக்கு அந்த இரண்டு வருடம் பயிற்சி தடுமாறும். வாரத்துக்கு ஒரு தடவையாவது சுவரும் டென்னிஸ் பந்தும் கைவிடாமல் இருந்தால் கண் மறக்காது.

கிரிக்கெட்டில் கொஞ்சம் வருமானம் பார்க்க இங்கே நடைமுறையில் இருக்கும் வழி பயிற்சியாளர் வேலை. வார இறுதியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுவார்கள், கீப்பிங் தெரிந்த பயிற்சியாளர் அதில் அபூர்வம். முதல் நிலைச் சான்றிதழ் வாங்கிவைத்தால் முட்டி ஓய்ந்த பிறகும் திடலில் இருக்கலாம்.

அதெல்லாம் பிறகு. இந்தச் சனிக்கிழமை இரவு அந்தச் செய்தி வந்து நீங்கள் கை தூக்கிவிட்டீர்கள் என்றால், படுக்கும் முன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் க்ளவ்ஸுக்குள் மடங்கினால் ரத்தம் கட்டிக் கறுத்துப்போகும், திங்கட்கிழமை அலுவலகத்தில் விசைப்பலகையைத் தொட முடியாது.